நூற்றுப் பதினெட்டு நாள் நிரந்தரத் தடை

கணக்கு முடக்கப்பட்ட செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் ஈரமாக இருந்தன. உருளைக்கிழங்கு ஊறிய தண்ணீரை அப்போதுதான் கொட்டியிருந்தேன். சனிக்கிழமை காலை. சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம், டேப் என்று நாங்கள் சொல்லும் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, முதல் நாள் எடுத்த காணொளியை என் சமூக ஊடகப் பக்கத்தில் ஏற்றப் போனேன். பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரையில் நான்கு வரி ஆங்கிலம் வந்தது. எங்கள் சமூக விதிகளை நீங்கள் மீறிவிட்டீர்கள். உங்கள் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது. இந்த முடிவு இறுதியானது. உங்கள் புரிதலுக்கு நன்றி.

எனக்கு எதுவும் புரியவில்லை. அதற்குள் நன்றி சொல்லிவிட்டார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தட்டிப் பார்த்தேன். அதே நான்கு வரி. கூடத்தில் கணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இதக் கொஞ்சம் பாருங்களேன்."

அவர் இரண்டு முறை படித்தார். இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர். எதையும் பேருந்து வழியாகத்தான் யோசிப்பார்.

"உன்ன பஸ்ஸ விட்டு எறக்கிட்டாங்க," என்றார். "ஏன்னும் சொல்லல, எந்த ஸ்டாப்புன்னும் சொல்லல."

நான் ஒரு தொடக்கப்பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மாணவர் பதிவு, பெற்றோருக்குக் கடிதம், நாள் முழுக்கத் தொலைபேசி. இணையத்தில் பெயர் வாங்க வேண்டும் என்று நினைத்தவள் இல்லை. அந்தப் பக்கம் பிறந்ததே கணவரின் சிறுநீரகம் பழுதானதால்தான். ஏழு வருடத்துக்கு முன்பு அவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முதல் வாரம் உணவு ஆலோசகர் ஒரு பட்டியல் கொடுத்தார். பழுதான சிறுநீரகத்துக்கு ஆகாத பொட்டாசியம் அதிகமுள்ளவை எல்லாம் அதில் சிவப்பு மையில் இருந்தன. வாழைப்பழம், இளநீர், தக்காளி, கீரை, முருங்கைக்காய், பருப்பு. எங்கள் வீட்டுச் சமையல் முழுவதும் சிவப்பாக இருந்தது. பச்சை மையில் இருந்தவற்றில் பாதியை நாங்கள் வாங்கியதே இல்லை.

ஒரு மாதம் அவர் வெள்ளைச் சோறும் கோஸும் சாப்பிட்டார். குறை சொல்லவில்லை. தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டார், அவ்வளவுதான். எனக்கு அது தாங்கவில்லை. மறுபடியும் அந்த ஆலோசகரிடம் போனேன். காய்களைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அதைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டினால் பொட்டாசியம் குறையும் என்றார் அவர். அங்கிருந்துதான் தொடங்கினேன். எந்தக் காய், எவ்வளவு, வாரத்தில் எத்தனை முறை என்று ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டுபோய் அவரிடம் காட்டி, சரி என்றால்தான் சமைத்தேன். ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் மறுபடியும் ஒரு குழம்பு கொதித்தது. அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

டயாலிசிஸ் நிலையத்தில் காத்திருக்கும் பெண்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தபோது மகள் என்னைச் சமையலறையில் நிறுத்திப் போனில் படம் பிடித்தாள். பக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டாள். "தண்ணியக் கொட்டுன்னு வை. அதத்தானே அம்மா நாள் பூரா சொல்றா," என்றார் கணவர். அதையே வைத்தோம். வாரம் ஒரு காணொளி. சில ஆயிரம் பேர் பார்த்தார்கள். மலேசியாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். வெயிலுக்கு நல்லது என்று அப்பாவுக்கு இளநீர் வெட்டிக் கையில் கொடுத்துவிட்டாளாம். அவர் குடிப்பதற்குள் என் பழைய காணொளி ஒன்று ஞாபகம் வந்து பிடுங்கிக் கொட்டினாளாம். அந்த ஒரு செய்திக்காகவே நான் இன்னும் பத்து வருடம் வெங்காயம் நறுக்கியிருப்பேன்.

அப்படிப்பட்ட பக்கத்தைத்தான் விதி மீறல் என்று மூடினார்கள்.

மேல்முறையீடு செய்ய ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தி, அரைப்பக்கம் எழுதி அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. நான்கு நிமிடத்தில் என் வீட்டு அரிசிகூட வேகாது.

என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் கசகசாவைப் பிடித்தேன். சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். முந்தின வாரக் குருமாவில், "கசகசாவும் வேணாம், முந்திரியும் வேணாம், கொஞ்சம் அரிசி மாவக் கரைச்சு ஊத்துங்க போதும்," என்று சொல்லியிருந்தேன். வேண்டாம் என்று சொன்னதை மெஷின் வேண்டும் என்று கேட்டிருக்குமோ. அதை விளக்கி இன்னொரு கடிதம் எழுதினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அவ்வளவு நம்பினேன்.

பதில் வராததால் டேப்பிலேயே புதுக் கணக்கு ஒன்று தொடங்கினேன். என் பேர், என் படம், எதையும் மறைக்கவில்லை. பதினோரு நிமிடத்தில் போய்விட்டது. கணவர், "என் கணக்குலேருந்து எல்லாருக்கும் ஒரு வார்த்தை எழுதிடு," என்றார். டேப்பில் அவர் கணக்கைத் திறந்து எழுதினேன். மறுநாள் காலை அவருடையதும் முடங்கியது. பழைய பேருந்துப் படங்கள் பார்ப்பதைத் தவிர அந்த மனிதர் அதில் வேறு எதுவும் செய்ததில்லை.

அதற்கடுத்து மகள் வந்தாள். இருபத்தைந்து வயது, பாலர் பள்ளி ஆசிரியை. "அம்மா, நீங்க தப்பா பண்றீங்க, குடுங்க நான் செட்டிங்ஸ் பாக்குறேன்," என்று டேப்பை வாங்கினாள். உதவிப் பக்கத்துக்குள் போகத் தன் கணக்கைத் திறந்தாள். மறுநாள் மதிய உணவு இடைவேளையில் எனக்குப் போன் செய்தாள்.

"அம்மா, என்னோடதும் போச்சு. என் குரூப் பேஜ் போச்சு. நாந்தான் லா அதுக்கு ஒரே அட்மின்."

அவள் ஓர் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறாள். பெண்கள் மட்டும் பதினான்கு பேர். குழுவின் படங்கள், வாசிக்கக் கூப்பிடுகிறவர்களின் செய்திகள் எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தன. மாலையில் வீட்டுக்கு வந்து பையை வைத்தவள், என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க தொடுறதெல்லாம் போயிருது."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த மூன்று வாரமும் நான் ஏதோ நோய்க்காரி போல் நடந்தேன். பள்ளியில் கூட வேலை செய்யும் ஒருத்தி தேநீர் கலக்கிக்கொண்டே கேட்டாள், "என்ன கா அப்படிப் போட்டீங்க? சும்மாவா நிரந்தரமா தூக்குவாங்க?" உருளைக்கிழங்கு போட்டேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை என்பது அவள் கரண்டி சுழன்ற வேகத்திலேயே தெரிந்தது. உறவுக்காரர்களின் கைபேசிக் குழுவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

டேப்பில்தான் ஏதோ கோளாறு என்று எப்போது தோன்றியது என்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு, டேப்பை அது வாங்கிய கடைக்கே எடுத்துப் போனேன். சந்தைக்கு எதிர்ப்பக்கச் சந்தில் ஒரு சின்னக் கைபேசிக் கடை. பழுது பார்ப்பார், பழைய கைபேசியும் டேப்பும் வாங்கி விற்பார். என் வயதுதான் இருக்கும். எல்லாரும் அவரைப் பாய் என்பார்கள், நானும் அப்படியே. போன் திரை கண்ணுக்குச் சின்னதாகிவிட்டது என்று, தடை விழுவதற்கு மூன்று வாரம் முன்பு அவரிடம்தான் அந்த டேப்பை வாங்கியிருந்தேன்.

"பாய், இதுல என் கணக்கு போச்சு, வீட்டுக்காரர் கணக்கு போச்சு, மக கணக்கும் போச்சு. வைரஸா?"

அவர் ஒரு போனின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிறுத்தினார்.

"பாஸ்வேர்ட் விஷயத்த விடுங்க அக்கா. யாரு யாரு எந்த எந்த சாமான்ல உள்ள போனீங்க, அத மட்டும் வரிசையா சொல்லுங்க."

சொன்னேன். அவர் ரசீதுத் தாளின் பின்பக்கம் கோடு போட்டு எழுதினார். என் கணக்கு ஆறு வருடம் போனில் நன்றாக இருந்தது, டேப் வந்து மூன்று வாரத்தில் போனது. கணவருடையது டேப்பில் திறந்த மறுநாள். மகளுடையது டேப்பில் திறந்த மறுநாள். எழுதி முடித்துவிட்டு, மூன்று வரியிலும் டேப் என்ற சொல்லை வட்டமிட்டார். பிறகு டேப்பை எடுத்து, பின்னால் இருந்த எண்ணைப் படித்து, தன் பழைய நோட்டில் தேடினார். அவர் முகம் மாறியது.

"இது நா ஒருத்தர்கிட்ட மொத்தமா வாங்குன பத்துல ஒண்ணு. ஏதோ ஆன்லைன்ல சாமான் விக்கிற ஆளு, கடைய மூடிட்டேன்னு கொண்டாந்து குடுத்தாரு. நல்லா தொடச்சுத்தான் வித்தேன் அக்கா. உள்ள ஒண்ணுமே இல்ல. ஆனா அந்த ஆளு போலிச் சாமான் வித்து, தளத்துக்காரங்க இந்த டேப்ப ஏற்கெனவே குறிச்சு வெச்சிருந்தா?"

"அழிச்சிட்டீங்கன்னு சொல்றீங்களே. அப்புறம் எப்படித் தெரியும்?"

"மனுசனுக்கு ரேக மாதிரி, மெஷினுக்கும் ஒண்ணு இருக்கு."

பொறுமையாகச் சொன்னார். திரை எவ்வளவு அகலம், உள்ளே என்னென்ன எழுத்துரு, எந்த மொழி, எந்த நேரம், என்ன மாடல். இப்படி ஐம்பது அறுபது சின்ன விஷயங்களைத் தளம் கேட்டு வாங்கிக்கொள்ளுமாம். நமக்குத் தெரியாமல் ஒரு படம்கூட வரையச் சொல்லுமாம். ஒவ்வொரு மெஷினும் அதைக் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி வரையும். எல்லாவற்றையும் சேர்த்தால் ஓர் எண். பெயரை மாற்றலாம், எல்லாவற்றையும் அழிக்கலாம். அந்த எண் பெரும்பாலும் மாறாது.

"இதுதான் நடந்துச்சுன்னு நா சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார். "அவங்க எதப் பாக்குறாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஆனா உங்க கத அப்படித்தான் இருக்கு. என் கையால வித்த சாமான் அக்கா. மன்னிச்சிருங்க."

அந்தக் கடையில் நின்றபோது எனக்கு வந்தது கோபமில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. நான் ஒன்றும் செய்யவில்லை. என் கையில் நோயில்லை. வேறு யாரோ செய்த தப்பின் மேல் நான் என் பெயரை எழுதி உள்ளே போயிருக்கிறேன்.

அவர் வேறு போனும் புது சிம்மும் தருவதாகச் சொன்னார். வேறு பெயர், வேறு மின்னஞ்சல், வீட்டு இணையத்தைத் தொடாமல் திறந்தால் பிடிக்க மாட்டார்கள், சில பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது. பிறகு வேண்டாம் என்றேன்.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு உள்ள போனா அவங்க சொன்னது உண்மையாயிரும் பாய். நா என் பேர்லயே போறேன். நீங்க எனக்கு ஒரு கடுதாசி மட்டும் குடுங்க."

அவர் யோசிக்கவில்லை. இந்த எண்ணுள்ள டேப்பை இந்தத் தேதியில் இவருக்கு விற்றேன், அதற்கு முன்பு அது வேறொருவரிடம் இருந்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தினார். அது அவருக்கு எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். வேறு டேப் ஒன்றும் கொடுத்தார். பழையதைச் சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மகளை உட்காரவைத்துக் கதையைச் சொன்னேன்.

"சாரி மா. நா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சரி, வா. லெட்டர் எழுதலாம்."

நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றேன். இருபது வருடம் பெற்றோர் கடிதங்களைப் படித்தவள் நான். நீளமான கடிதத்தை யாரும் கடைசிவரை படிப்பதில்லை. கருவியின் எண் இது, நான் வாங்கிய தேதி இது, விற்றவரின் கடிதம் இது. நீங்கள் கண்ட குற்றம் இந்தத் தேதிக்கு முன்பா பின்பா என்று மட்டும் பாருங்கள். முன்பு என்றால் அது நானில்லை. பின்பு என்றால் எந்தப் பதிவு என்று காட்டுங்கள். அவ்வளவுதான் கடிதம்.

மேல்முறையீட்டுப் பொத்தான் வழியாக அனுப்பினேன். மின்னஞ்சலில் அனுப்பினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதிலே இல்லை. ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நகரத்தில் இருந்த அவர்களின் அலுவலகத்துக்கே போனேன். கண்ணாடிக் கட்டடம். வரவேற்பில் இருந்த பெண் சந்திப்பு நேரம் உண்டா என்று கேட்டாள், இல்லை என்றதும் சிரித்தபடியே கையை விரித்தாள். திரும்பும்போது வாசலில் நின்ற பாதுகாவலர், நம்மவர், என்னை உற்றுப் பார்த்தார்.

"மேடம், நீங்க அந்தத் தண்ணியக் கொட்டு அம்மா தானே? என் அண்ணி உங்க வீடியோ பாத்துத்தான் அண்ணனுக்குச் சமைக்கிறாங்க. இப்ப ஏன் போடறதில்ல?"

"மேல பதினெட்டாவது மாடியில கேளுங்க," என்றேன்.

அவர் அண்ணாந்து மேலே பார்த்தார். பிறகு என் எண்ணை வாங்கி அண்ணியிடம் கொடுத்தார். அந்த அண்ணி அன்றைக்கே கூப்பிட்டாள். பேசி முடிக்கும்போது, "அக்கா, வீடியோ இல்லாட்டி போகட்டும். நேர்ல சொல்லித் தருவீங்களா?" என்றாள்.

எனக்கு ஏன் அதுவரை தோன்றவில்லை என்று தெரியவில்லை. எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ஓர் அறையும் இரண்டு அடுப்பும் கேட்டேன், கொடுத்தார்கள். முதல் ஞாயிறு ஏழு பேர். அடுத்த ஞாயிறு பதினைந்து. ஒரு மலாய்க்காரப் பெண் தன் மாமியாரைக் கூட்டிவந்து, அரிசிக் கட்டியோடு ஊற்றும் தேங்காய்ப்பால் லோந்தோங் குழம்பை என்ன செய்வது என்று கேட்டாள். ஒரு சீனத் தாத்தா தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல் முன்வரிசையில் உட்கார்ந்து, நான் தண்ணீரைக் கொட்டும்போதெல்லாம் கட்டைவிரலை உயர்த்தினார். உணவு ஆலோசகர் தன் விடுமுறை நாளில் வந்து, நான் சொல்வதில் எது எல்லாருக்கும் பொருந்தாது என்று பக்கத்தில் நின்று சொன்னார். டயாலிசிஸ் இல்லாத நாள்களில் கணவரும் வந்து, குழம்பை ருசி பார்ப்பது தன் வேலை என்று ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். காணொளியில் யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது முகம் தெரிந்தது. உப்பு பற்றாமல் அவர்கள் முகம் சுளிப்பதும் தெரிந்தது. அதனால் சமையல் நன்றாகியது.

ஆனாலும் கணக்கை விடவில்லை. ஆறு வருடத்துக் காணொளிகள் அங்கே பூட்டிக் கிடந்தன. எங்களிடம் பிரதி இல்லை. மகளின் குழுவுக்கும் பக்கம் இல்லை.

தடை விழுந்து நூறாவது நாள். அன்று நூலகத்தில் இணையப் பாதுகாப்பு பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கலந்துரையாடல் நடப்பதாக மகள் கண்டுபிடித்தாள். மேடையில் பேசும் நால்வரில் ஒருவர் அந்தத் தளத்தின் அதிகாரி. மூவரும் போனோம். நான் பள்ளி விழாவுக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். கணவர் தன் பழைய ஓட்டுநர் காலணிக்குப் பாலிஷ் போட்டார்.

கேள்வி நேரம் வந்ததும் கையைத் தூக்கினேன். மைக் வந்தது. குரல் நடுங்கவில்லை. காலைக் கூட்டத்தில் ஆயிரம் பிள்ளைகளுக்கு அறிவிப்புப் படித்த குரல் அது. ஆங்கிலத்தில்தான் பேசினேன். என் டேப்பின் கதையை ஒரு நிமிடத்தில் சொன்னேன். பிறகு கேட்டேன்:

"எனக்குப் பதினைந்து வயதானபோது அடையாள அட்டைக்காக என் கட்டைவிரல் ரேகையை எடுத்தார்கள். எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு எடுத்தார்கள். அந்த விரல் பிறந்ததிலிருந்து என்னுடையது. நீங்கள் எடுத்தது ஒரு டேப்பின் ரேகை. டேப் கை மாறும். நேற்று ஒருவருடையது, இன்று என்னுடையது. இன்னார்தான் குற்றவாளி என்று முடிவு செய்வதற்கு முன், அது கை மாறியிருக்குமா என்று பார்க்க உங்களிடம் ஒரு மனிதராவது இருக்கிறாரா?"

அதிகாரி இளம்பெண், மகளை விடக் கொஞ்சம் பெரியவள். மோசடிக்காரர்களிடமிருந்து மக்களைக் காக்கத்தான் இந்த முறை என்று ஆரம்பித்தாள். கூட்டத்தை நடத்தியவர் அவளை ஒரு நொடி நிறுத்தி, இதே போல் காரணம் தெரியாமல் கணக்கு போனவர்கள் வேறு யாராவது உண்டா என்று அரங்கைக் கேட்டார். கைகள் எழுந்தன. மகள் எண்ணினாள். ஒன்பது.

அந்தப் பெண் ஒன்பது கைகளையும் பார்த்தாள். எழுதி வைத்திருந்த தாளை மூடினாள். "எனக்கு இப்போது பதில் தெரியாது. தெரிந்துகொள்கிறேன்," என்றாள். முதலில் கைதட்டியது அவளுக்காக நான்தான். கூட்டம் முடிந்ததும் அவளே இறங்கி வந்தாள். கடிதப் பிரதியைக் கொடுத்தேன்.

"என்னால் வாக்குறுதி தர முடியாது," என்றாள்.

"வாக்குறுதி வேண்டாம். கடைசி வரிவரை படியுங்கள். ஒரு பக்கம்தான்."

அதிலிருந்து பதினெட்டாவது நாள், வேலை நேரத்தில், மேசையில் இருந்த என் போன் அதிர்ந்தது. ஒரு பெற்றோரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் போகும்வரை எடுக்கவில்லை. பிறகு படித்தேன். உங்கள் கணக்கும் அதனுடன் தொடர்புடைய இரண்டு கணக்குகளும் தவறுதலாக முடக்கப்பட்டன, மீண்டும் திறக்கப்பட்டுவிட்டன, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். தவறு என்ற சொல்லை மூன்று முறை படித்தேன். தேநீர் கலக்கும் இடத்துக்குப் போய் அந்தச் சக ஊழியரிடம் போனை நீட்டினேன். அவள் படித்துவிட்டு, "ஓ," என்றாள். எனக்கு அந்த ஓ போதும்.

மகளைக் கூப்பிட்டேன். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம். "அம்மா, என்னோடதும் வந்திருச்சு. இருங்க. எல்லாப் படமும் இருக்கு மா." கணவர் டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தார். தாதி போனைக் காதில் வைத்தாராம். விஷயத்தைக் கேட்டவர், "சரி, ஏறிக்கோ, இடம் இருக்கு," என்றார்.

அந்த வாரக் கடைசியில் மகள் முதல் வேலையாக எல்லாக் காணொளிகளையும் இறக்கித் தனியே சேமித்தாள். இனி யாருடைய பூட்டையும் நம்ப மாட்டேன் என்றாள். நான் சமூக மன்ற அறையிலிருந்து நேரலை செய்தேன். முப்பது பேர் எனக்குப் பின்னால் நின்று காய் நறுக்கினார்கள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்ட செய்திகளைக் கணவர் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை வகுப்பை அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை.

நூலகத்தில் கை தூக்கிய ஒன்பது பேரில் ஆறு பேர் என்னிடம் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தோம். நாலு பேருக்குக் கணக்கு திரும்பக் கிடைத்தது. ஒருவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இன்னொருவர் தானே உண்மையில் ஒரு தப்புச் செய்திருந்ததாகப் பாதிக் கடிதத்தில் ஒப்புக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். கடிதத்தின் மாதிரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பாயிடம் கொடுத்தேன். அவர் பழைய டேப் விற்கும்போதெல்லாம் ரசீதில் எண்ணையும் தேதியையும் பெரிதாக எழுத ஆரம்பித்திருந்தார்.

சில மாதம் கழித்துத் தேக்காவுக்குப் போனபோது போனின் திரைக்கு ஒட்டும் கண்ணாடி மாற்ற அவர் கடைக்குப் போனேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். எனக்கு முன்னால் ஒரு வேலைச் சட்டைக்காரர், கட்டுமான இடத்திலிருந்து நேராக வந்தவர் போல, காத்துக்கொண்டிருந்தார். நான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, அவராகவே பேசினார்.

"என்ன கா, கணக்கு போயிருச்சா?"

"இல்ல தம்பி," என்று தொடங்குவதற்குள் அவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்.

"பயப்படாதீங்க. எனக்கும் போச்சு. ஊர்ல புள்ள முகத்தப் பாக்க முடியாம ரெண்டு வாரம் தவிச்சிட்டேன். இத அப்படியே பாத்து எழுதுனேன், திருப்பிக் குடுத்துட்டாங்க. ஒரு பக்கத்துக்கு மேல எழுதாதீங்க, அதான் முக்கியம்."

"யாரு எழுதுனது இது?"

"தெரியல கா. யாரோ பெரிய வக்கீலம்மாவாம்."

நான் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை புதிதாகப் படிப்பவள் போலப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தது.